பொம்மை இரயில் கடையும் 555 குறிப்புப் புத்தகமும்



வழக்கமாகப் பாடத்திட்டம், கற்றல் கற்பித்தல், இலக்கணம் என்று எழுதிவரும் நான் இன்று பொம்மை இரயிலைப் பற்றி எழுதப் போகிறேன். முகம் சுளிக்க வேண்டா. இது பொம்மையைப் பற்றிய கட்டுரை போலத் தொடங்கினாலும், நான் செய்த ஒரு தவற்றைப் பற்றியது. பல மாதங்களாக மனத்தில் உறுத்திக்கொண்டிருந்ததை இறக்கி வைக்கவே எழுதுகிறேன்.

என் தந்தையார் கெமாஸ் இரயில் நிலையத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மேற்குக்கரைத் தடமும் தும்பாட் செல்லும் கிழக்குக்கரைத் தடமும் பிரிகின்ற சந்திப்பு கெமாஸ். இரயில்வே குடியிருப்பில் வளர்ந்த எங்களுக்கு வண்டிகளின் ஓசைதான் கடிகாரம். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிடக் கூடாது என்பதற்காக ‘டோக்கன்’ என்னும் ஏற்பாடு உண்டு. அடுத்த நிலையம் வரையிலான பாதைக்கு ஒரே ஒரு டோக்கன்தான் ஒரு நேரத்தில் வெளியே இருக்கும். அது யார் கையில் இருக்கிறதோ அந்த வண்டிதான் போகலாம். பெரிய வளையத்தில் தொங்கும் பையில் அதனை வைத்து, ஓடும் வண்டியின் ஓட்டுநர் எட்டிப் பிடிக்கும்படி அப்பா தூக்கிப் பிடித்து நிற்பார். இந்தக் கதையைத் தாத்தாவிடம் கேட்டுக் கேட்டுத்தான் என் மகனுக்கு இரயில் பைத்தியம் பிடித்தது. அவனுக்கு இப்போது 13 வயது. படிவம் 1 மாணவன்.

அவனை அழைத்துக்கொண்டு கோலாலம்பூரில் ஒரு பழைய வணிக வளாகத்தின் இரண்டாம் மாடிக்கு முதன்முதலாகச் சென்றபோது, கடை என்று சொல்லத்தக்க இடமாக அது எனக்குத் தோன்றவில்லை. பத்தடி அகலம். சுவர் முழுவதும் சிறிய பெட்டிகள். நடுவில் நீள்வட்டமாக ஒரு சோதனைத் தண்டவாளம். அறுபதைக் கடந்த சீனர் ஒருவர் கண்ணில் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு ஏதோ ஒரு சக்கரத்தைக் கிடுக்கியால் பிடித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் அவரை அங்கிள் என்றே அழைக்கின்றனர். நான் ஆசிரியை என்று தெரிந்த நாள் முதல் அவர் எனக்குச் ‘சிக்கு’ என்று பெயர் வைத்துவிட்டார். எங்கள் உரையாடல் எல்லாம் மலாய் மொழியில்தான். ஈண்டு தமிழில் தருகிறேன்.

இந்தப் பொழுதுபோக்கில் நான் வியந்த முதல் செய்தி அதன் கணக்கு. உலகில் பரவலாக வழங்கும் ‘எச்.ஓ.’ அளவு 1:87 என்னும் விகிதம் கொண்டது. மெய்யான தண்டவாளத்தின் அகலம் 1,435 மில்லிமீட்டர். அதனை 87ஆல் வகுத்தால் ஏறத்தாழ 16.5 மில்லிமீட்டர். அதைவிடச் சிறியது ‘என்’ அளவு. அதன் தண்டவாள அகலம் 9 மில்லிமீட்டர் என்பதால் ஆங்கில ஒன்பதின் முதலெழுத்தே அதற்குப் பெயராயிற்று. பிற நாடுகள் பெரும்பாலானவற்றில் இதற்கு 1:160 என்பது வழக்கம்; ஜப்பானில் 1:150. ஜப்பானின் பழைய இரயில் தடங்கள் 1,067 மில்லிமீட்டர் அகலமுடையவை. 150ஆல் வகுத்தால் ஏழு மில்லிமீட்டரை ஒட்டித்தான் வரும். ஆயினும் அவர்கள் 9 மில்லிமீட்டர்த் தண்டவாளத்திலேயே ஓட்டுகின்றனர். நம் நாட்டுத் தடமோ ஒரு மீட்டர் அகலம். அப்படியானால் 9 மில்லிமீட்டர்த் தண்டவாளத்தில் நம் இரயில் சரியான விகிதத்தில் ஓட வேண்டுமானால் அது எந்த அளவில் இருக்க வேண்டும்? ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் இக்கணக்கைக் கொடுத்தேன். 1:111 என்று விடை கண்டதும், “டீச்சர், அப்படியென்றால் ஜப்பான்காரர்கள் தவறா?” என்று ஒரு மாணவி கேட்டாள். தவறன்று, எல்லாருடைய வண்டியும் எல்லாருடைய தண்டவாளத்திலும் ஓட வேண்டும் என்பதற்காகச் செய்துகொண்ட விட்டுக்கொடுத்தல் என்றேன்.

இந்த விட்டுக்கொடுத்தல்தான் இத்துறையின் உயிர்நாடி என்பதைப் பின்னர் அறிந்தேன். தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி சக்கரமும் கொக்கியும் செய்தது. 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பொழுதுபோக்கு அன்பர்களும் தயாரிப்பாளர்களும் கூடித் தேசிய மாதிரி இரயில் சங்கத்தைத் தொடங்கினர். சக்கரத்தின் விளிம்பு எவ்வளவு, தண்டவாள இடைவெளி எவ்வளவு என்று பொது அளவைகளை வகுத்தனர். அதனால் என்ன பயன்? ஒரு முழு இரயிலைச் செய்யும் வசதி இல்லாதவனும் ஒரு கொக்கியை மட்டும் செய்து விற்றுப் பிழைக்க முடிந்தது. அமெரிக்காவில் ‘கேடீ’ என்னும் கொக்கி புகழ்பெற்றது. கீத், டேல் என்னும் இரட்டைச் சகோதரர்கள் தொடங்கிய சிறு தொழில் அது. இருவர் பெயரின் முதலெழுத்துகளே அதன் பெயர்.

பெரிய நிறுவனங்களின் கதையும் கேட்கத் தக்கதே. ஜெர்மனியின் மார்க்லின் 1859இல் தொடங்கப்பெற்றது. 1891இல் லைப்சிக் சந்தையில் முறையான அளவுகளோடு கூடிய இரயில் தொகுப்பைக் காட்சிக்கு வைத்தது. அத்தகைய நிறுவனமே 2009இல், தன் 150ஆம் ஆண்டில், கடன் தீர்க்க இயலாத நிலையை அறிவித்தது. பின்னர் 2013இல் வேறொரு ஜெர்மானிய விளையாட்டுப் பொருள் குழுமத்தார் கைக்கு மாறி இன்று நிமிர்ந்து நிற்கிறது. ஒன்றரை நூற்றாண்டு ஆலமரமே ஆட்டங்கண்டது என்றால், பத்தடிக் கடை எப்படி நிற்கிறது?

இந்தக் கேள்வியை அங்கிளிடமே கேட்டேன். சிரித்தார்.

“எஞ்சின் விற்றால் பெயர் கிடைக்கும், சிக்கு. வாடகை கொடுப்பது எஞ்சின் அன்று. தண்டவாளத் துண்டு, கொக்கி, எண்ணெய், பசை, சாயம், பழுது பார்ப்பது. இவைதான் வாடகை.”

ஜப்பானிய நிறுவனங்கள் ஒரு வகை வண்டியை ஆண்டு முழுவதும் செய்துகொண்டிருப்பதில்லை. ஒரு தடவை ஒரு தொகுதி செய்வார்கள். அது விற்றுத் தீர்ந்தால் மறுதடவை எப்போது வருமென்று சொல்வதற்கில்லை. எனவே பல மாதங்களுக்கு முன்பே கடைக்காரர் எண்ணிக்கை சொல்லிவிட வேண்டும். வாடிக்கையாளர் பெயர் கொடுத்துவிட்டுப் பொருள் வந்தபின் வேண்டாமென்று நழுவினால், அந்தப் பெட்டி கடைக்காரரின் முதலை விழுங்கிக்கொண்டு அலமாரியில் உறங்கும். அங்கிள் இவற்றையெல்லாம் கணினியில் பதிவதில்லை. நம் தோட்டத்து மளிகைக் கடைகளில் பற்று எழுதுவார்களே, அந்த 555 குறிப்புப் புத்தகம்தான். பெயர், பொருள், கொடுத்த முன்பணம். அவ்வளவே.

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அங்கே ஒரு சபை கூடும். ஓய்வு பெற்ற மலாய் இரயில் ஓட்டுநர் ஒருவர். எல்லாருக்கும் அவர் பாக்சிக். பல் மருத்துவக் கூடத்தில் செயற்கைப் பற்கள் செய்யும் சீனர் ஒருவர். மின்பொருள் கடையில் வேலை செய்யும் தமிழ் இளைஞர் ஒருவர். இன்னும் நான்கைந்து பேர். கீழ்த்தளத்திலிருந்து தே தாரிக் வரும். இவர்கள் அனைவரும் ஒருவருக்கொருவர் நண்பர். அதே வேளையில் ஒருவருக்கொருவர் வணிகர். பாக்சிக் செம்புக் கம்பியை முறுக்கி மரங்கள் செய்வார். ஒன்று 5 ரிங்கிட். பல் கூடத்துக்காரர் பிசின் வார்ப்பில் சன்னல்களும் கதவுகளும் செய்வார். தமிழ் இளைஞர் எஞ்சினுக்குள் ‘டிகோடர்’ பொருத்தித் தருவார்; கூலி 30 ரிங்கிட். ஒரே தண்டவாளத்தில் நிற்கும் பல எஞ்சின்களைத் தனித்தனியே இயக்க உதவும் நகத்தளவுச் சில்லு அது. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனத்தின் முறையைத் தழுவி அந்த அமெரிக்கச் சங்கம் 1990களில் இதற்கும் பொது அளவை வகுத்ததால், யாருடைய சில்லும் யாருடைய கருவிக்கும் கட்டுப்படும். இவர்கள் செய்வன அனைத்தும் அங்கிளின் மேசைமீது ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கும். விற்றால் அங்கிளுக்கு ஒரு பங்கு. கணக்கு 555இல்.

இனி என் தவற்றுக்கு வருகிறேன்.

மகன் தன் பிறந்தநாளுக்கு ஓர் எஞ்சின் கேட்டான். கடைக்குச் சென்றோம். அங்கிள் மூன்று எஞ்சின்களைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றாகச் சோதனைத் தண்டவாளத்தில் ஓட்டிக் காட்டினார். எது மெதுவாக ஓடும், எது எவ்வளவு பெட்டி இழுக்கும், எதற்கு வளைவு ஆகாது என்று ஏறக்குறைய முக்கால் மணி நேரம் விளக்கினார். மகன் ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். “யோசித்துவிட்டு வருகிறோம் அங்கிள்” என்றேன். வீட்டிற்கு வந்து இணையத்தில் தேடினேன். அதே எஞ்சின் வெளிநாட்டுக் கடையொன்றில் 60 ரிங்கிட் மலிவு. வாங்கிவிட்டேன். ‘சிக்கனமான தாய்’ என்று என்னை நானே பாராட்டியும் கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து எஞ்சின் திக்கித் திக்கி நின்றது. அடுத்த சனிக்கிழமை மகன் ஒரு சூதும் அறியாமல் அதனை எடுத்துக்கொண்டு அங்கிளிடம் போனான். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். அங்கிள் பெட்டியை வாங்கினார். அடியிலும் பக்கத்திலும் திருப்பிப் பார்த்தார். அவர் கடையில் விற்கும் ஒவ்வொரு பெட்டியிலும் விலைச்சீட்டு ஒட்டியிருக்கும், இதில் இல்லை. ஒன்றும் சொல்லவில்லை. எஞ்சினைக் கவிழ்த்து, ஊசிமுனைக் கிடுக்கியால் சக்கர அச்சிலிருந்து எதையோ இழுத்தார். தரைவிரிப்பின் நூலிழை. “தம்பி, இதைக் கம்பளத்தின் மேல் ஓட்டாதே. மேசை மேல் ஓட்டு” என்றார். சக்கரங்களைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் வைத்து, ஓட்டிக் காட்டிக் கொடுத்துவிட்டார். காசு கேட்கவில்லை.

வண்டியில் வரும்போது மகன் கேட்டான்: “அம்மா, அங்கிள் ஏன் நம் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்?”

என்னால் விடை சொல்ல முடியவில்லை. வகுப்பில் நன்னெறி கற்பிக்கும் வாய் அன்று மூடிக்கொண்டது.

அடுத்த வாரம் மகனை அழைக்காமல் நான் மட்டும் சென்றேன். நடந்ததைச் சொன்னேன். பழுது பார்த்த கூலியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ‘பரவாயில்லை’ என்று சொல்லித் தட்டிக் கழிப்பார் என எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் செய்யவில்லை.

“சிக்கு, உங்கள் பணம். மலிவான இடத்தில் வாங்குவது உங்கள் உரிமை. நான் கோபப்படவில்லை. ஆனால் அன்று நான் உங்களோடு இருந்த நேரத்தில் ஒரு பழுது வேலை முடித்திருப்பேன். விலை பார்க்கத்தான் வந்தோம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் ஓர் எஞ்சினை மட்டும் காட்டியிருப்பேன்.” பிறகு 555ஐ எடுத்தார். “வெளியில் வாங்கிய வண்டிக்குப் பழுதுக் கூலி 25 ரிங்கிட். எழுதிக்கொள்கிறேன்.”

25 ரிங்கிட் கொடுத்தேன். எழுதியதை அடித்தார். அந்தக் கோட்டைக் கண்டபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல இயலாது. அவர் வாங்காமல் விட்டிருந்தால் அந்தக் கடைக்குள் நான் மறுபடி நிமிர்ந்து நுழைந்திருக்க மாட்டேன்.

வீடு திரும்பும் வழியில்தான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. நம் ஊர்களில் தமிழ்ப் புத்தகக் கடைகள் அருகி வருகின்றன என்று கூட்டந்தோறும் வருந்துகிறோம். நானும் வருந்தியிருக்கிறேன், மேடையேறிப் பேசியும் இருக்கிறேன். ஆனால் ஒரு பயிற்சி நூலில் ஒரே ஒரு படியை வாங்கி, வகுப்பு முழுமைக்கும் நகலெடுத்துக் கொடுத்த கை இந்தக் கைதான். கடைக்குப் போய் ஒரு மணி நேரம் நூல்களைப் புரட்டி, அட்டையைக் கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டு வந்ததும் உண்டு. அந்தக் கடைக்காரருக்கும் வாடகை உண்டு என்பதை நான் எண்ணிப் பார்த்ததில்லை. அவர் கையில் உருப்பெருக்கி இல்லாததால் அவர் நேரம் நேரமில்லை என்று ஆகிவிடுமா?

மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, “60இல் 25 போனால் நமக்கு இன்னும் 35 லாபம், அம்மா” என்றான். கணக்கு சரிதான். ஆனால் அவன் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

சென்ற பள்ளி விடுமுறையில் அந்தச் சனிக்கிழமைச் சபையார் ஒரு சமூக மண்டபத்தில் கூடினர். ‘தி-ட்ராக்’ என்று ஒரு முறை இருக்கிறது. ஜப்பானியரின் மேசைத் தொகுதிகளைக் கண்டு 2000ஆம் ஆண்டு வாக்கில் உருவானது. ஏறத்தாழ 31 சென்டிமீட்டர் அகலமுள்ள பெட்டி ஒன்றில் ஒவ்வொருவரும் தம் வீட்டில் தமக்குப் பிடித்த காட்சியைச் செய்துகொள்வர். ஒருவர் வயல் செய்வார், ஒருவர் கடைத்தெரு செய்வார். கூடும் நாளில் மேசைகளின்மேல் வரிசையாக வைத்து, ஜப்பானின் காட்டோ நிறுவனத் தண்டவாளத்தால் இணைத்துவிட்டால் எல்லார் ஊரின் வழியாகவும் ஒரே இரயில் ஓடும். தனியொருவன் வீட்டில் இடமில்லை, பணமில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓரடிப் பெட்டி போதும்.

மகன் கெமாஸின் பழைய நடைமேடையைச் செய்திருந்தான். இணைத்து ஓட்டியதும் அவன் பெட்டியின் விளிம்பிலேயே வண்டி தடம்புரண்டது. மறுபடியும் புரண்டது. அவன் முகம் சிறுத்துவிட்டது. பெட்டியைத் தூக்கிவிடலாம் என்றான். பாக்சிக் விடவில்லை. குனிந்து கண்ணை மேசை மட்டத்தில் வைத்துப் பார்த்தார். பெட்டியின் அடியில் உயரத்தைச் சரிசெய்யும் திருகாணிகள் உண்டு. ஒன்றை அரைச் சுற்றுத் திருப்பினார். “மெய்யான இரயிலிலும் தொல்லை எல்லாம் இணைப்பில்தான், தம்பி” என்றார். அந்தத் திருகல் முடியும்வரை மற்ற வண்டிகள் எல்லாம் நின்றன. ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

அப்பாவும் வந்திருந்தார். பேரன் நடைமேடையில் நிறுத்தியிருந்த டோக்கன்காரர் பொம்மையை நெடுநேரம் பார்த்தார். 1:150 அளவில் ஒரு மனிதன் 11 மில்லிமீட்டர்தான். “இப்படி நின்றால் கை போயிருக்கும்” என்றார். பிறகு எழுந்து, மண்டபத்தின் நடுவே, 76 வயதில், ஒரு காலை முன்வைத்து உடலைச் சாய்த்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு வளையத்தைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். பாக்சிக் வலக்கையை மடக்கி அதனுள் விட்டு வாங்குவதுபோல் செய்தார். இருவரும் ஒருவரையொருவர் முன்பின் அறியார். ஒரே தடத்தில் வாழ்ந்தவர்கள். பல் கூடத்துக்காரர் அந்த நிலையைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் அவர் பல் மெழுகில் அந்த உருவத்தைச் செதுக்கி, பிசினில் வார்த்துக் கொண்டுவந்தார். வளையத்தை மட்டும் மகன் பழைய தொலைபேசிக் கம்பியைப் பிரித்துச் செய்கிறான். அங்கிளின் பிஸ்கட் டின்னில் அது விற்பனைக்கு இருக்கிறது. விலை 6 ரிங்கிட். செதுக்கியவருக்கு 3, கடைக்கு 2, வளையத்திற்கு 1.

அன்புப் பெற்றோர்களே, பிள்ளைகளை எல்லாம் இரயில் வாங்கப் போகச் சொல்லவில்லை. இது செலவு பிடிக்கும் பொழுதுபோக்கு. எல்லாக் குடும்பங்களுக்கும் ஒத்துவராது. ஆனால் தைக்கும் அக்காள் வீடோ, மிதிவண்டி பழுது பார்க்கும் கடையோ, மண்பானை செய்பவர் கூடமோ, பெரியவர்கள் ஆசையோடு வேலை செய்யும் ஓரிடத்தில் பிள்ளை வாரம் ஒரு மணி நேரம் உட்காரட்டும். அங்கே அவன் கையால் செய்யக் கற்பான். செய்தவருக்கு உரியதைக் கொடுக்கவும் கற்பான். ஆசிரிய நண்பர்களே, புதிய ஆண்டில் பயிற்சி நூல் தேர்ந்தெடுக்கும்போது நகலெடுக்கும் பொறியின் பக்கம் போகுமுன் ஒரு கணம் நில்லுங்கள். நான் நிற்கத் தொடங்கியிருக்கிறேன். பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் பேசி இவ்வாண்டு என் வகுப்புக்கு வேண்டிய படிகளைக் கடையிலேயே வாங்கினோம். கடைக்காரர் பத்து விழுக்காடு கழிவு தந்தார், கேட்காமலேயே.

சென்ற சனிக்கிழமை அங்கிள் 555இல் புதிய பக்கமொன்றைத் திறந்தார். மேலே என் மகன் பெயர். கீழே, ‘வளையம் 14, 14 ரிங்கிட், கடை தர வேண்டியது’ என்று எழுதினார். மகன் அதைத் தாத்தாவிடம் தொலைபேசியில் மூன்று முறை படித்துக் காட்டினான்.